பாலையாவின் முகமும் ஸ்டாண்ட் அப் மேடையும்

நகைச்சுவைப் படங்களையும் ஸ்டாண்ட் அப் நிகழ்ச்சிகளையும் விடாமல் பார்க்கிற ஆள் நான். பார்த்ததில் எனக்குப் பட்டதை ஒளிக்காமல் சொல்கிறேன். சிரிக்க வைக்கப் பேசுகிறவர்களுக்கு இன்று குறைவே இல்லை, கேட்கிறவரைத்தான் பலர் மறந்துவிட்டார்கள்.

'காதலிக்க நேரமில்லை' (1964) படத்தில் நாகேஷ் பாலையாவுக்குத் திகில் கதை சொல்கிற காட்சி எல்லோருக்கும் மனப்பாடம். அடுத்த முறை நாகேஷை விட்டுவிட்டு பாலையாவை மட்டும் பாருங்கள். மகன் எடுக்கப்போகிற படத்துக்குப் பணம் போட வேண்டிய அப்பா, சரி, என்னதான் கதை என்று கேட்க உட்கார்கிறார். நாகேஷ் வாயாலேயே சத்தம் எழுப்பிக் கதையை நகர்த்த நகர்த்த, பணக்கார அப்பா காணாமல் போய்விடுகிறார். அங்கே உட்கார்ந்திருப்பது இருட்டில் மாட்டிக்கொண்ட குழந்தை. அந்தக் கதையைத் தனியாக எழுதிப் படித்தால் அதில் ஒன்றுமே இல்லை. நாகேஷ் விதைப்பது முழுக்க பாலையாவின் கண்ணிலும் உதட்டிலும்தான் முளைக்கிறது. அதனால்தான் அடுத்து என்ன வரும் என்று தெரிந்த பிறகும் சிரிப்பு வருகிறது.

ஸ்டாண்ட் அப்பில் பக்கத்தில் பாலையா இல்லை. மைக்கைப் பிடித்துத் தனியாக நிற்கிறார் ஒருவர், அவருக்கு பாலையா நாம்தான். நேரில் பார்க்கும்போதுதான் இது எனக்கு உறைத்தது. யார் வேண்டுமானாலும் மேடையேறிப் பேசிப் பார்க்கலாம் என்கிற சிறிய ஓப்பன் மைக் ஒன்றில், மேடைக்குப் புதியவர் என்று பார்த்ததுமே தெரிகிற ஒரு பெண், தன் அம்மாவுக்கு வீடியோ கால் பேசக் கற்றுக்கொடுத்த கதையைச் சொன்னார். முதல் ஜோக்குக்கு யாரும் சிரிக்கவில்லை. பெரும்பாலானவர்கள் இந்த இடத்தில் பதறி அடுத்ததற்குத் தாவிவிடுவார்கள். அவர் தாவவில்லை. அம்மா செய்ததுபோல ஃபோனை நெற்றிக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். மூலையில் ஒருவர் 'களுக்'கென்றார். அவ்வளவுதான், அரங்கம் மொத்தமும் பிடித்துக்கொண்டது. எழுதி வைத்த வரி செய்யாததை அந்த மௌனம் செய்தது. அந்த ஒற்றைச் சிரிப்பு வரும்வரை காத்திருக்கிற தைரியம் இருக்கிறதே, அதுதான் இந்தக் கலை என்று எனக்குத் தோன்றியது.

இதற்கு நேர் எதிரான ஒன்றும் பார்த்தேன். கொஞ்சம் பெயர் வாங்கிய ஒருவரின் நிகழ்ச்சி. ஆரம்பத்திலிருந்தே முன்வரிசையில் இருந்த ஒருவரின் உடம்பைக் கிண்டலுக்கு எடுத்துக்கொண்டார். நாற்காலி தாங்குமா, பக்கத்தில் இருப்பவருக்கு இடம் இருக்கிறதா என்று ஒன்றன்பின் ஒன்றாக. முன்வரிசையில் இருந்தவரும் சிரித்தார், வேறு என்ன செய்ய முடியும்? ஆனால் ஒவ்வொரு முறை சிரித்த பிறகும் மடியில் இருந்த பையை இன்னும் கொஞ்சம் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். எனக்கு அதற்கு மேல் மேடையைப் பார்க்கத் தோன்றவில்லை. பார்வையாளரோடு பேசுவது பெரிய திறமை, மறுக்கவில்லை. நன்றாகச் செய்பவர் கேள்வி கேட்டுவிட்டு பதிலைக் காதில் வாங்குவார், அந்தப் பதிலிலிருந்துதான் ஜோக் பிறக்கும். இங்கே பதில் யாருக்கும் தேவைப்படவில்லை.

உடம்பை வைத்தே சிரிக்க வைக்க முடியாதா? முடியும். அமெரிக்க ஸ்டாண்ட் அப் கலைஞர் ரிச்சர்ட் பிரையரின் 1979ஆம் ஆண்டு மேடைப் படத்தைப் பாருங்கள். தனக்கு வந்த மாரடைப்பை மேடையிலேயே நடித்துக் காட்டுகிறார். நெஞ்சு அவரை அதட்டுகிறது, அவர் அதனிடம் கெஞ்சுகிறார், கீழே விழுகிறார். வலி அவருடையது, அதை எந்த அளவுக்குத் திறந்து காட்டுவது என்பதும் அவர் முடிவு. அதைப் பார்த்துச் சிரிக்க யாரும் கூனிக் குறுக வேண்டியதில்லை. ஒருவருடைய நிறத்தையும் குள்ளத்தையும் வைத்துக் காலம் தள்ளிய பழைய படக் காமெடிகள் எனக்கு இப்போது ஒட்டவே மாட்டேன் என்கின்றன. 'அந்தக் காலத்தில் அப்படித்தான்' என்று சொல்லலாம். ஆனால் அதே காலத்தில்தான் பாலையாவும் நாகேஷும் அந்தக் காட்சியைச் செய்தார்கள்.

அப்புறம், பதிவு செய்து ஓடிடியில் வருகிற நிகழ்ச்சிகள். ஜோக் முடிந்த நொடியே கேமரா கூட்டத்துக்குத் தாவி, கண்ணில் நீர் வரச் சிரிக்கிற யாரையாவது காட்டுகிறது. 1950களில் அமெரிக்கத் தொலைக்காட்சிக்காக சார்லஸ் டக்ளஸ் என்ற ஒலிப் பொறியாளர், பொத்தானை அழுத்தினால் பதிவு செய்த சிரிப்பு வருகிற பெட்டி ஒன்றைச் செய்தார். இதற்கும் அதற்கும் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. இங்கே சிரி என்று யாரோ விலாவில் இடிக்கிற மாதிரி இருக்கிறது. பாலையாவின் முகம் கதைக்குள் இருக்கிற முகம், அவர் பயந்தால்தான் கதை நகரும். இந்த முகம் படத்தொகுப்பு மேசையில் ஒட்டியது. ரீல்ஸில் இன்னும் மோசம், காத்திருந்த மௌனத்தையெல்லாம் வெட்டி எறிந்துவிட்டுக் கடைசி வரியை மட்டும் போடுகிறார்கள்.

பேசுகிறவர் மூச்சு வாங்குவதையும், தயங்குவதையும், ஒரு ஜோக் விழாமல் போனதையும் சேர்த்தே காட்டட்டும். கேமரா மேடையிலேயே நிற்கட்டும். எங்கே சிரிப்பது என்று பார்க்கிற எங்களுக்குத் தெரியும்.