டென்வர் பிராங்கோஸ் சம்பளக் கணக்கை யாராவது விளக்க முடியுமா?

அமெரிக்கன் ஃபுட்பால் பார்ப்பவர்கள் கொஞ்சம் உதவுங்கள். ஆட்டம் ஓரளவு புரிகிறது, சீசன் முடிந்ததும் நடக்கும் சேலரி கேப் (ஓர் அணியின் வருடாந்தரச் சம்பளக் கணக்குக்கான உச்சவரம்பு) கூத்துதான் தலையைச் சுற்ற வைக்கிறது.

டென்வரையே எடுத்துக்கொள்வோம். 2024 மார்ச்சில் ரஸ்ஸல் வில்சன் என்ற வீரரை அனுப்பிவிட்டார்கள், அவரும் பிட்ஸ்பர்க் அணிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார், ஆனால் சுமார் 8.5 கோடி டாலர் டென்வர் கணக்கிலேயே நின்றது. அதில் ஏறக்குறைய 5.3 கோடி 2024இல், மீதி 2025இல். 2024இல் ஒரு அணிக்கு மொத்த வரம்பே 25.54 கோடிதான். ஐந்தில் ஒரு பங்கு, அணியிலேயே இல்லாத ஆளுக்கு! ஜஸ்டின் சிம்மன்ஸையும் விட்டார்கள், ஜெரி ஜூடியைக் கிளீவ்லாந்துக்குக் கொடுத்தார்கள். அப்படியும் போ நிக்ஸ் என்ற புதுப் பையனை வைத்து பிளேஆஃப் போனார்கள். ரூக்கி ஒப்பந்தத்தின் (புது வீரருக்கான குறைந்த சம்பள ஒப்பந்தம்) அருமை அதுதான் போல.

சைனிங் போனஸ், அதாவது ஒப்பந்தத்தில் கையெழுத்திடும்போது தரும் பணம், முன்கூட்டியே கைக்குப் போனாலும் கணக்கில் அதிகபட்சம் ஐந்து வருடத்துக்குப் பிரித்து எழுதுவார்கள், ஆளை நீக்கினால் மிச்சம் மொத்தமும் உடனே வந்து விழும், ஜூன் 1க்குப் பிறகு நீக்கியதாகக் கணக்கு வைக்கும் விதியைப் பயன்படுத்தினால் இரண்டு வருடமாகப் பிரியும். இதுவரை சரி.

அப்புறம் இந்த வாய்ட் இயர்ஸ் எதற்கு? ஆடவே போகாத வருடங்களை ஒப்பந்தத்தில் சேர்த்துக் கடனைத் தள்ளிப்போடுவது எத்தனை காலம் ஓடும்? ஒரு சின்ன எண் உதாரணத்தோடு சொன்னால் புண்ணியமாகப் போகும்.