ஃப்ரீபிஎஸ்டியில் சரி, நெட்பிஎஸ்டியில் தேதி மாறுகிறது: பேட்சை இங்கே கொண்டுவரலாமா?

கோத்தகிரிக்காரன்:
இலை ஷெட்டில் எடை பதிய, சி மொழியில் சின்னதாக ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். இரண்டு த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலைகள்): ஒன்று தராசு எடையை நேரத்தோடு பதியும், இன்னொன்று நேற்றைய கணக்கை எடுத்து அனுப்பும். வீட்டு மெஷினில் ஆபரேட்டிங் சிஸ்டம் ஃப்ரீபிஎஸ்டி, ஒரு மாதம் ஓடியும் பிழையே இல்லை. ஷெட்டில் இருப்பது பழைய மெஷின், அதில் ஆபரேட்டிங் சிஸ்டம் நெட்பிஎஸ்டி. போட்ட மூன்றாம் நாளே 18 கிலோ மூட்டைக்கு முந்தின நாள் தேதி விழுந்துவிட்டது. "இன்னைக்குப் பறிச்ச இலைக்கு நேத்து எப்படிப்பா சீட்டு போட்டே?" என்று ஓர் அக்கா கேட்டார், பதில் சொல்ல முடியவில்லை. சோர்ஸைத் தோண்டினால், நேரத்தைத் தேதியாக மாற்றும் லோக்கல்டைம் ஃபங்ஷன், விடையை வைக்க ஃப்ரீபிஎஸ்டியில் த்ரெட்டுக்கு ஒரு பஃபர் (மெமரியில் ஓர் இடம்) வைத்துக்கொள்கிறது, நெட்பிஎஸ்டியில் எல்லா த்ரெட்டுக்கும் சேர்த்து ஒரே ஸ்டாட்டிக் பஃபர், ஒன்று எழுதியதன் மேல் இன்னொன்று எழுதிவிடுகிறது. இரண்டும் 1993இல் 386பிஎஸ்டி என்ற பழைய சிஸ்டத்திலிருந்து பிரிந்தவைதானே, அந்தச் சில வரிகளை அப்படியே ஒட்டி நெட்பிஎஸ்டிக்குப் பேட்சாக (திருத்தமாக) அனுப்பினால் எடுத்துக்கொள்வார்களா?

குன்னூர்_மழை:
தம்பி, முதலில் உன் புரோகிராமைச் சரிசெய். லோக்கல்டைம் த்ரெட் சேஃப் ஆக (பல த்ரெட் ஒன்றாகக் கூப்பிட்டாலும் குழம்பாததாக) இருக்க வேண்டும் என்று யுனிக்ஸ் வகை சிஸ்டங்களுக்கான போசிக்ஸ் தரம் சொல்லவே இல்லை, அதற்குத்தான் பஃபரை நாமே கொடுக்கும் லோக்கல்டைம்_ஆர் இருக்கிறது. ஃப்ரீபிஎஸ்டி உன்னைக் காப்பாற்றவில்லை, தப்பை மூடி வைத்திருந்தது, அவ்வளவுதான்.

கொடைக்கானல்_பழசு:
அவர் சொல்வது சரி, ஆனால் கேள்விக்கும் பதில் சொல்லிவிடுவோம். லைசென்ஸ் தடையில்லை, காப்பிரைட் வரிகளை அழிக்காமல் விட்டால் போதும்; ஃப்ரீபிஎஸ்டி ஃபைல்கள் பலவற்றின் தலையில் இன்னமும் நெட்பிஎஸ்டி ஐடி வரி (ஃபைல் பெயரும் பதிப்பும் சொல்வது) இருக்கிறது, எங்கிருந்து வந்தது என்று பார்த்து அடுத்த திருத்தத்தையும் எடுக்க வசதி. மெமரி ஒதுக்கும் ஜெமாலக்கூட ஃப்ரீபிஎஸ்டிக்கு எழுதியது, நெட்பிஎஸ்டி 5.0இல் உள்ளே வந்தது. அது தனியாக நிற்கிற சரக்கு, தூக்கிக்கொண்டு வரலாம். லோக்கல்டைம் அப்படியில்லை. அது வந்தது டைம்ஸோன் கோட் என்ற பொதுச் சரக்கிலிருந்து, ஒவ்வொரு பிஎஸ்டி வீட்டிலும் ஒவ்வொரு மாதிரி ஒட்டுப்போட்டு வைத்திருக்கிறார்கள். அப்புறம் லிப்சிக்குள் (சி மொழியின் அடிப்படை லைப்ரரி) த்ரெட்டுகள் மோதாமல் பூட்டுப் போடும் பழக்கமே வேறு: ஃப்ரீபிஎஸ்டியில் அடிக்கோடு போட்ட பித்ரெட் பெயர்கள், நெட்பிஎஸ்டியில் ரீஎன்ட்ரன்ட் ஹெடர் வழியாக டிஹெச்ஆர் பெயர்கள், த்ரெட் லைப்ரரி சேராத புரோகிராமில் அவை வெறும் ஸ்டப் (பெயருக்கு இருக்கும் உறை). ஒட்டினால் கம்பைலே ஆகாது. என்ன செய்கிறார்கள் என்று படித்துவிட்டு இந்த வீட்டு வழக்கத்தில் திரும்ப எழுத வேண்டியதுதான். எழுதினாலும், "லோக்கல்டைம்_ஆர் இருக்கே, எதுக்கு?" என்றுதான் முதல் கேள்வி வரும்.

கோத்தகிரிக்காரன்:
லோக்கல்டைம்_ஆர் போட்டுவிட்டேன், ஒரு வாரமாகத் தேதி சரியாக விழுகிறது. கூடவே கிரெப் அடித்துத் தேடியதில் இரண்டு த்ரெட்டிலும் வரியைத் துண்டாக்கும் ஸ்ட்ர்டோக் ஃபங்ஷன் வேறு கிடந்தது, அதுவும் எல்லா த்ரெட்டுக்கும் ஒரே இடத்தை வைப்பது, அது ஃப்ரீபிஎஸ்டியிலும் உதைத்திருக்க வேண்டியது, எப்படித் தப்பித்தேனோ.