ஆந்த்ரோத் தீவில் தம்பியின் பையும் போனும் காணாமல் போய்விட்டது, போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகலாமா?

கொழிஞ்சாம்பாறை அக்கா:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் தம்பி டைல்ஸ் வேலைக்காக லட்சத்தீவில் ஆந்த்ரோத் போயிருக்கிறான். ஜெட்டியில் சாமான் இறக்கும்போது பை ஒன்றைக் கீழே வைத்திருக்கிறான், திரும்பிப் பார்த்தால் பை இல்லை. அதில்தான் போன், ஆதார் கார்டு, ஏடிஎம் கார்டு, தீவுக்குள் நுழைய வாங்கின பெர்மிட்டின் நகல் எல்லாம். கூட இருக்கும் பையன் போனிலிருந்துதான் பேசுகிறான். ஸ்டேஷனில் போய்ச் சொல்லு என்று நான் சொன்னால், காண்ட்ராக்டர் வேண்டாம் என்கிறாராம். போனால் பெர்மிட் எங்கே என்று கேட்பார்கள், தேவையில்லாத வம்பு, எல்லோரையும் கப்பலேற்றி விடுவார்கள் என்று சொல்லிப் பயமுறுத்தி வைத்திருக்கிறார். சின்னத் தீவு, வெளியூர்ப் பையன், தமிழ்தான் நன்றாக வரும், மலையாளம் பேசுவான், எழுத வராது. அங்கே ஸ்டேஷனில் இந்த மாதிரிக் காரியங்களுக்கெல்லாம் உதவுவார்களா, என்னென்ன கேட்டு வாங்க வேண்டும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள், ராத்திரி தூக்கம் வரவில்லை.

வேலந்தாவளம் வாசி:

அக்கா, முதலில் பயத்தை விடுங்கள். நான் கவரத்தியில் கட்டட வேலை பார்த்தவன். தீவில் இறங்குகிற வெளியாள் யாராக இருந்தாலும் பெர்மிட்டை அந்தத் தீவு ஸ்டேஷனில் எஸ்ஹெச்ஓவிடம், அதாவது ஸ்டேஷன் பொறுப்பு அதிகாரியிடம் கொடுத்தாக வேண்டும், அதுதான் விதி. அதனால் உங்கள் தம்பி யார், எந்த ஊர், யார் ஸ்பான்சர் (பெர்மிட்டுக்குப் பொறுப்பேற்றவர்) என்பதெல்லாம் அவர்களிடம் ஏற்கெனவே இருக்க வேண்டும். நகல் தொலைந்ததால் அவன் திருட்டுத்தனமாக வந்தவன் ஆகிவிட மாட்டான். சொல்லப்போனால் கையில் ஒரு காகிதமும் இல்லாத நேரத்தில் அவனுக்குச் சாதகமாக அந்தத் தீவில் இருக்கிற ஒரே பதிவு ஸ்டேஷனில்தான் இருக்கிறது.

இதைத் தெரிந்தும் காண்ட்ராக்டர் தடுக்கிறார் என்றால் எனக்கு ஒரே சந்தேகம்தான், பெர்மிட் தேதி முடிந்திருக்கலாம், இல்லையென்றால் இறங்கின அன்றைக்கு ஸ்டேஷனில் கொடுக்கவே இல்லை. தம்பியிடம் அதை முதலில் கேளுங்கள். தீவுகளில் நுழைவதற்கும் தங்குவதற்குமான 1967 விதிப்படி தேதி தாண்டித் தங்குவது குற்றம், அது காண்ட்ராக்டர் பிரச்சினை மட்டுமில்லை, தம்பி தலையிலும் விழும். நீட்டித்துத் தருவது நிர்வாகத்தின் வேலை, போலீஸ் வேலை இல்லை. ஸ்பான்சர்தான் விண்ணப்பிக்க வேண்டும்.

அங்குள்ள ஸ்டேஷனை நம் பக்கத்து ஸ்டேஷன் மாதிரி நினைக்க வேண்டாம். லட்சத்தீவிலேயே பெரிய தீவு ஆந்த்ரோத்தான், அதுவே 5 சதுர கிலோமீட்டர்கூட வராது. ஜெட்டியில் விடுபட்ட பை யார் கையில் கிடைத்தாலும் ஸ்டேஷனுக்கோ பள்ளிவாசலுக்கோ வந்து சேர நல்ல வாய்ப்பு இருக்கிறது. அதற்காகவாவது இன்றைக்கே போய்ச் சொல்லட்டும்.

சித்தூர் குமாஸ்தா:

பாலக்காடு மாவட்டத்து சித்தூரில் வக்கீல் ஆபீஸ் வேலை எனக்கு. சட்டப் பக்கத்தை மட்டும் சொல்கிறேன்.

தொலைந்ததா, யாராவது எடுத்ததா என்பதை முதலில் தம்பி தெளிவாக யோசிக்க வேண்டும். எங்கே போனது என்றே தெரியவில்லை என்றால், காணாமல் போனதாக எழுதிக் கொடுத்து, ஜிடி என்ட்ரி எண்ணும் (ஸ்டேஷன் பொது நாட்குறிப்பில் பதிந்த எண்) தேதியும் போட்ட ரசீதைக் கேட்டு வாங்க வேண்டும். வங்கி, சிம், ஆதார் எதற்குப் போனாலும் அந்தக் காகிதம்தான் பேசும். கண் முன்னால் யாரோ எடுத்தார்கள், அல்லது அப்படிச் சந்தேகம் இருக்கிறது என்றால் ‘தொலைந்தது’ என்று எழுதிக் கொடுக்கவே கூடாது. சீக்கிரம் முடியட்டும் என்று அப்படி எழுதச் சொல்வது எல்லா ஊரிலும் நடக்கிறது, பிற்பாடு அந்தப் போனை வைத்து யாராவது பணம் எடுத்தால் திண்டாட்டம். திருட்டு என்றால் எஃப்ஐஆர்தான்.

எழுத வராது என்று கவலைப்பட்டீர்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிற பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆவது பிரிவில் இதெல்லாம் இருக்கிறது. கைது செய்யத்தக்க குற்றம் என்றால் வாயால் சொன்னாலே போதும், எழுதிக்கொள்ள வேண்டியது ஸ்டேஷன் பொறுப்பு, எழுதினதை அவனுக்குப் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும், நகலை இலவசமாகத் தர வேண்டும். எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் தகவலைப் பதியலாம், அதனால் தீவில் முடியவில்லை என்றால் கொச்சியில் இறங்கியும் கொடுக்கலாம். ஆனால் பை போனது அங்கே, தேட வேண்டியவர்களும் அங்கே, அதனால் அங்கே கொடுப்பதுதான் புத்தி. எடுக்க மறுத்தால் எஸ்பிக்குத் தபாலில் எழுதலாம், அதற்கும் மேலே மாஜிஸ்ட்ரேட். இலவச சட்ட உதவிக்கு 15100 எண் இருக்கிறது.

இன்னொன்று. கூலி பாக்கி, சம்பளத் தகராறு இதையெல்லாம் அதே மனுவில் சேர்க்க வேண்டாம். அதற்குத் தொழிலாளர் துறை. ஆனால் காண்ட்ராக்டர் யாருடைய ஆதாரையாவது கையில் வாங்கி வைத்துக்கொண்டு தர மாட்டேன் என்கிறார் என்றால் அதை ஸ்டேஷனில் தாராளமாகச் சொல்லலாம்.

கொழிஞ்சாம்பாறை அக்கா:

ரொம்ப நன்றி. இப்போதுதான் பேசினேன். பெர்மிட் தேதி முடியவில்லை, அடுத்த மாதம் வரை இருக்கிறது என்கிறான். இறங்கின அன்றைக்கு ஸ்டேஷனில் வரிசையில் நின்று கொடுத்ததும் ஞாபகம் இருக்கிறதாம். அப்புறம் ஏன் அந்த மனுஷன் இப்படிப் பயமுறுத்துகிறார் என்றுதான் தெரியவில்லை. நாளைக் காலை கூட இருக்கும் பையனையும் அழைத்துக்கொண்டு போகச் சொல்லியிருக்கிறேன். ஆதார் இல்லாமல் திரும்பி வரக் கப்பலில் ஏற்றுவார்களா, அதைச் சொல்லுங்கள்.

பொழியூர் கடற்கரை:

தங்கச்சி, லட்சத்தீவுக்காரர்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக மனசு வரவில்லை. 2017-இல் ஒக்கி புயல் அடித்தபோது நீரோடி, தூத்தூர், வள்ளவிளை, எங்கள் பொழியூர் பக்கத்து ஆட்கள் ஆழ்கடலில் இருந்தார்கள். புயல் தள்ளி லட்சத்தீவுக் கரைகளில் ஏறின படகுகள் நிறைய. தீவுகளும் அதே புயலில் அடிபட்டுத் தென்னை சாய்ந்து கிடந்த நேரம் அது. அப்படியும் வந்தவர்களுக்குச் சோறும் துணியும் இடமும் கொடுத்தார்கள். இங்கே கரையில் நாங்கள் ஒவ்வொரு வீடாக அழுதுகொண்டிருந்தபோது, யார் யார் உயிரோடு இருக்கிறார்கள், எந்தப் படகு எந்தத் தீவில் நிற்கிறது என்கிற பேர் விவரம் வந்து சேர்ந்தது பெரிய காரியம். அன்றைக்கு எங்களுக்குத் தேவைப்பட்டது பேர்ப்பட்டியல்தான், வேறெதுவுமில்லை. அதனால் சொல்கிறேன், தீவில் இருக்கும் பையன் பேரும் ஊரும் வீட்டு நம்பரும் ஸ்டேஷனில் சரியாக எழுதியிருக்கிறதா என்று நாளைக்குப் போகும்போதே பார்த்துவிட்டு வரட்டும். பழைய போன் நம்பர்தானே அங்கே இருக்கும், உங்கள் நம்பரைச் சேர்க்கச் சொல்லுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை சிறு படகில் மீன் பிடிக்கக் கூட்டிப்போவார்கள், பையன்கள் ஆசையாகப் போவார்கள். கரையில் யாரிடமாவது சொல்லாமல் போகக் கூடாது. ஆபத்து என்றால் 112, கடலில் என்றால் கடலோரக் காவல்படை 1554. இரண்டும் மனப்பாடமாக இருக்கட்டும், போன் தொலைந்தால் நம்பரும் தொலைகிற காலம் இது.

சாராயம் பக்கம் போக வேண்டாம், பங்காரம் தவிர மற்றத் தீவுகளில் மதுவிலக்கு. பவளம், கடல் அட்டை எதையும் பையில் போட்டுக்கொண்டு வரவும் வேண்டாம். தெரியாமல் பொறுக்கினேன் என்று சொன்னால் கேட்க மாட்டார்கள்.

வேலந்தாவளம் வாசி:

கப்பல் விஷயம். ஏறும்போது அடையாள அட்டை பார்ப்பார்கள். வீட்டில் அவனுடைய வோட்டர் ஐடியோ லைசென்ஸோ இருந்தால் அசலைத் தெரிந்த ஆள் யாராவது கொச்சியிலிருந்து போகும்போது கொடுத்தனுப்புங்கள். ஆதார் பிவிசி கார்டை உங்கள் போன் நம்பரை வைத்தே ஆன்லைனில் கேட்கலாம், பதிவான நம்பர் வேண்டும் என்பதில்லை, ஸ்பீட் போஸ்டில் ஆதாரில் உள்ள வீட்டு விலாசத்துக்கே வரும். கேரளாவில் இந்த மாதிரி ஆன்லைன் வேலைகளுக்கு இருக்கிற அக்ஷயா சென்டரில் சொன்னால் செய்து கொடுப்பார்கள். அதுவரைக்கும் ஸ்டேஷன் ரசீதும் ஆதார் நகலும் சேர்த்து வைத்திருக்கட்டும், டிக்கெட் எடுப்பதற்கு முன்னால் அங்குள்ள துறைமுக ஆபீஸில் இதைக் காட்டி, ஏற்றுவார்களா என்று கேட்டுக்கொள்ளட்டும். பெர்மிட் நகலை ஸ்பான்சரிடமே கேளுங்கள், ஆன்லைனில் வாங்கினதுதான், மறுபடி பிரிண்ட் எடுத்துத் தர ஐந்து நிமிடம் ஆகாது.

மீனாட்சிபுரம் மொபைல் கடை:

அக்கா, போனைப் பற்றி யாரும் சொல்லவில்லை. வரிசை முக்கியம். இன்றைக்கே கம்பெனிக்குப் போன் செய்து சிம்மை நிறுத்துங்கள், வங்கியில் ஏடிஎம் கார்டையும் யுபிஐயையும் சேர்த்து நிறுத்தச் சொல்லுங்கள். நிறையப் பேர் கார்டை மட்டும் நிறுத்திவிட்டு யுபிஐயை மறந்துவிடுகிறார்கள். பணம் போயிருந்தால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930, நேரம் ஆக ஆகப் பணம் கை மாறிக்கொண்டே இருக்கும். அடுத்தது அதே நம்பரில் புது சிம். ஸ்டேஷன் ரசீது கையில் வந்ததும் மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் போனையே முடக்கலாம், அதற்கு ரசீது நகல், அடையாள அட்டை, ஐஎம்இஐ நம்பர் (ஒவ்வொரு போனுக்கும் தனியாக இருக்கிற அடையாள எண்) வேண்டும், ஓடிபிக்கு அந்தப் புது சிம் உதவும். முடக்கினால் இந்தியாவில் எந்த சிம் போட்டாலும் அந்த போன் வேலை செய்யாது, யாராவது போட்டுப் பார்த்தால் போலீஸுக்குத் தெரிய வரும். ஐஎம்இஐ நம்பர் போன் வாங்கின டப்பாவிலும் பில்லிலும் இருக்கும். டப்பா வீட்டில் இருக்கிறதா என்று இப்போதே தேடிப் பார்த்து, நம்பரைப் படம் எடுத்து அந்தப் பையன் போனுக்கு அனுப்பிவிடுங்கள், காலையில் மனு எழுதும்போதே அதையும் சேர்க்கலாம்.