புது நாடு, புது கார்: முதல் ஆறு மாதம் நீங்களே ஓட்டுங்கள்

அமெரிக்காவில் சான் ஃபிரான்சிஸ்கோவைச் சுற்றியுள்ள பே ஏரியாவுக்கு வேலைக்கு வந்து இறங்கியவர்கள் முதல் சம்பளம் வருவதற்குள் கார் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள், இங்கே வேறு வழியும் இல்லை. நாலைந்து வருடப் பழைய காரில்கூட முன்னால் போகும் வண்டிக்கு ஏற்ப வேகத்தை மாற்றும் அடாப்டிவ் க்ரூஸ், கோட்டுக்குள் பிடித்துவைக்கும் லேன் அசிஸ்ட், தானாக அடிக்கும் பிரேக் எல்லாம் பெரும்பாலும் இருக்கும். "அதுவே பார்த்துக்கும்" என்று ரூம்மேட் சொல்வார். தயவுசெய்து அதைக் கேட்காதீர்கள். தானியங்கி பிரேக்கை மட்டும் அணைக்காமல் விட்டு, மற்றவை இல்லாமல் ஆறு மாதம் ஓட்டிப் பழகுங்கள்.

இடது பக்கம் ஓட்டிப் பழகிய நமக்கு வலது பக்கம், நாலு பக்கமும் ஸ்டாப் போர்டு உள்ள சந்திப்பு, தோளுக்கு மேல் தலையைத் திருப்பிப் பார்த்து லேன் மாறுவது எல்லாமே புதிது. இவை உடம்பில் ஏற வேண்டும். கலிஃபோர்னியாவில் லைசென்ஸ் தரும் அலுவலகமான டிஎம்வி வைக்கும் டெஸ்ட்டிலும் அடாப்டிவ் க்ரூஸ், தானியங்கி பார்க்கிங் போன்றவற்றைப் பயன்படுத்தக் கூடாது.

நான் பட்டதைச் சொல்கிறேன். வந்த நாலாவது மாதம், 880 ஃப்ரீவேயில் மணிக்கு 65 மைல் வேகத்தில் க்ரூஸ் போட்டு ஒரு வேனுக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தேன். வேன் சட்டென்று பக்கத்து லேனுக்கு விலகியது, அதற்கு முன்னால் பழுதாகி ஒரு கார் அசையாமல் நின்றுகொண்டிருந்தது, என் கார் வேகத்தைக் குறைப்பதற்குப் பதிலாகக் கூட்டத் தொடங்கியது. கால் பெடல் பக்கத்திலேயே இருந்ததால் மிதித்தேன், தப்பித்தேன். அன்று இரவு மேனுவலை எடுத்துப் படித்தால், அதிவேகத்தில் நின்றிருக்கும் வண்டியைக் கண்டுகொள்ளாமல் போகலாம் என்று தெளிவாகவே எழுதியிருக்கிறது. முன்னால் இருப்பதை உணரும் காரின் ரேடாருக்குச் சாலையோர போர்டும் பாலமும் நின்ற காரும் எல்லாமே அசையாத பொருள்கள்தான். எல்லாவற்றுக்கும் பிரேக் அடித்தால் ஓட்ட முடியாது என்பதால் பல கார்களில் அவற்றை வடிகட்டிவிடுகிறார்கள்.

மவுண்டன் வியூவில் 101 ஃப்ரீவேயிலிருந்து 85 பிரியும் இடத்தை இங்கே எல்லோரும் கடந்திருப்பீர்கள். 2018 மார்ச்சில் அங்கே, டெஸ்லாவின் ஓட்டுநர் உதவி வசதியான ஆட்டோபைலட்டில் வந்த டெஸ்லா மாடல் எக்ஸ் ஒன்று நடுத்தடுப்பில் மோதி, ஓட்டியவர் இறந்தார். ஆப்பிளில் வேலை பார்த்த பொறியாளர். அதே இடத்தில் கார் முன்பும் விலகியதாக வீட்டில் சொல்லியிருந்திருக்கிறார். விபத்து நேரத்தில் அவர் ஃபோனில் கேம் ஓடிக்கொண்டிருந்ததை அமெரிக்காவின் போக்குவரத்து விபத்துகளை ஆராயும் என்டிஎஸ்பி அமைப்பின் விசாரணை கண்டறிந்தது. கார் தவறுகிறது என்று தெரிந்தவருக்கே பழக்கம் கண்ணை மறைத்துவிட்டது, அதுதான் எனக்குப் பயம்.

வேமோ என்ற ஓட்டுநர் இல்லாத டாக்ஸி வேறு கதை. அது லைடார் (லேசர் ஒளியால் தூரத்தை அளக்கும் கருவி), ரேடார், கேமரா மூன்றையும் வைத்து, வரையறுத்த ஊர்ப்பகுதிக்குள் மட்டும் ஆளில்லாமல் ஓடுகிறது, நீங்கள் வெறும் பயணி. ஊரிலிருந்து வந்த அப்பா அம்மாவை நானே சான் ஃபிரான்சிஸ்கோவில் ஏற்றிக் கூட்டிப்போனேன். ஆனால் அதில் போன தைரியத்தில் மறுநாள் உங்கள் காரில் கையை விடாதீர்கள். உங்கள் காரில் இருப்பது லெவல் 2 எனப்படும் ஓட்டுநர் உதவி மட்டுமே, அதாவது சட்டப்படி ஓட்டுபவர் நீங்கள்தான், மோதினால் பதில் சொல்வதும் நீங்கள்தான். பார்ட்டி முடிந்து "கார்தானே ஓட்டுது" என்று குடித்துவிட்டு உட்கார்ந்தாலும் அது டியூஐதான், அதாவது குடித்துவிட்டு ஓட்டிய குற்றம். ஹெச்1பி வேலை விசாவில் இருப்பவர்களே, தீர்ப்பு வருவதற்கு முன்பே, கைதான காரணத்துக்காகவே விசா முத்திரையை ரத்து செய்ய அமெரிக்க வெளியுறவுத் துறையால் முடியும்.

ஆறு மாதம் கழித்து க்ரூஸும் லேன் அசிஸ்டும் போடுவதென்றால் மழை இல்லாத பகல், நன்றாகத் தெரிந்த ஃப்ரீவே. சாலை வேலை நடக்கும் இடத்தில் பழைய கோடும் புதுக் கோடும் கலந்து கிடக்கும், அங்கே அணைத்துவிடுங்கள். மாலை வெயில் நேராக முகத்தில் அடிக்கும்போது கேமராவுக்கும் கண் கூசும்.

அப்புறம், பழைய கார் வாங்கினால் முன் கண்ணாடி எப்போதாவது மாற்றப்பட்டதா என்று கேளுங்கள். கேமரா அந்தக் கண்ணாடிக்குப் பின்னால்தான் இருக்கிறது. மாற்றிய பிறகு கேலிப்ரேஷன், அதாவது கேமராவைச் சரியாகப் பார்க்கும்படி மறுபடி அளவு பொருத்துவது, செய்த பில் இல்லையென்றால், செய்து முடிக்கும்வரை எந்த வசதியையும் நம்பி ஓட்ட வேண்டாம்.