அமெரிக்க ரெசிடென்சி (எம்பிபிஎஸ்க்குப் பிந்தைய சிறப்புப் பயிற்சி): விண்ணப்பிக்கும் முன் ஓராண்டு கேப்

கேள்வி: ஹவுஸ் சர்ஜன்சி மார்ச்சில் முடியுது. அமெரிக்க மருத்துவ லைசென்ஸ் தேர்வில் (யுஎஸ்எம்எல்இ) ஸ்டெப் 1 பாஸ். அடுத்த வருஷம் செப்டம்பரில் இன்டர்னல் மெடிசினுக்கு ஈராஸில் (ரெசிடென்சிக்கான ஆன்லைன் விண்ணப்பம்) போடணும். நடுவில் ரிசர்ச்சா, அப்சர்வர்ஷிப்பா (அமெரிக்க டாக்டர் கூட இருந்து பார்த்துக் கத்துக்கிறது)?

பதில் 1: முதல்ல ஸ்டெப் 2 சிகே (அதே தேர்வின் அடுத்த கட்டம்). 2022 ஜனவரியிலிருந்து ஸ்டெப் 1 வெறும் பாஸ்/ஃபெயில். அதனால ஆள் எடுக்கிற புரோகிராம்கள் கண்ணில் படுற மார்க் ஸ்டெப் 2 சிகேதான். ரிசல்ட் வர சில வாரம் ஆகும், ஜூனைத் தாண்ட விடாதீங்க. ஓஇடியும் (மருத்துவத் துறைக்கான ஆங்கிலத் தேர்வு) அதோட முடியட்டும்.

பதில் 2: அப்சர்வர்ஷிப்பின் பலனே பரிந்துரைக் கடிதம்தான். ஒரு புரோகிராமுக்கு (ஒரு ஆஸ்பத்திரியின் ரெசிடென்சிக்கு) அதிகபட்சம் 4 கடிதம். வாரத்துக்கு ஒரு டாக்டர்னு மாறினா யாருக்கும் உங்களைத் தெரியாது. கடிதம் சப்புன்னு இருக்கும். ஒரே டாக்டரிடம் நாலு வாரம் இருங்க. கடைசி வாரமே கேளுங்க. ஈராஸ் டோக்கன் (ஈராஸில் பதிவு செய்யத் தேவையான குறியீடு) ஜூன் வாக்கில்தான் வரும், அதுவரை எழுதி வைக்கச் சொல்லுங்க. அப்லோட் செய்ய வேண்டியது அவர், நீங்க இல்ல.

பதில் 3: ரிசர்ச் இரண்டாம்பட்சம். ஈராஸ் விண்ணப்பத்தில் அனுபவங்களுக்கு 10 இடம்தான். பாதியில் நிற்கும் ஆய்வுகளால் அதை நிரப்பாதீங்க, இன்டர்வியூல தோண்டுவாங்க.