பெஞ்ச் வைஸ் அசெம்பிளியில் நகரும் தாடை புறம் திரும்பிவிடுகிறது: வழி சொல்லுங்கள்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். ஃப்ரீகேட் (FreeCAD) என்ற முப்பரிமாண வடிவமைப்பு மென்பொருளின் 1.0 பதிப்பில், பாகங்களை ஒன்றிணைக்கும் அசெம்பிளி பகுதியில் 125 மி.மீ. பெஞ்ச் வைஸ் (மேசையில் பொருத்தும் பிடிகருவி) ஒன்றை அமைத்து வருகிறேன். அடிப்பாகத்தை அசையாதபடி நிறுத்திவிட்டு, நகரும் தாடைக்கு ஸ்லைடர் (நேர்கோட்டில் மட்டும் நகரவிடும்) இணைப்பும், தாடைக்கும் ஸ்பிண்டிலுக்கும் (தாடையை நகர்த்தும் திருகுத்தண்டு) இடையே ரெவல்யூட் (சுழல மட்டும் விடும்) இணைப்பும் கொடுத்திருக்கிறேன். மவுஸால் இழுத்தால் தாடை நேர்கோட்டில் அழகாக நகர்கிறது. ஸ்பிண்டிலும் கூடவே வருகிறது. சுழற்சியை நகர்வோடு பிணைக்கும் ஸ்க்ரூ இணைப்பை இன்னும் சேர்க்கவில்லை.

தாடையின் ஸ்கெட்சை (வடிவத்துக்கு அடிப்படையான இருபரிமாண வரைபடம்)த் திருத்தும்போதுதான் சிக்கல். நேற்று வழுக்குப் பரப்பின் ஓரத்தில் 2 மி.மீ. சேம்ஃபர் (சாய்வாக வெட்டிய விளிம்பு) ஒன்றைச் சேர்த்தேன். உடனே ஸ்லைடர் இணைப்பு வேறொரு முகத்தைப் பற்றிக்கொள்ள, தாடை 180 பாகை திரும்பி, பல் வெட்டிய முகம் வெளிப்புறம் பார்த்தபடி நின்றது. திசையை மாற்றும் பொத்தானை அழுத்திச் சரிசெய்தாலும், அடுத்த திருத்தத்தில் மீண்டும் அதே நிலைதான். முகங்களுக்கும் விளிம்புகளுக்கும் பெயரிடும் முறை 1.0 பதிப்பில் பெரிதும் மேம்பட்டிருக்கிறது என்றாலும், இணைப்பு பற்றியிருக்கும் முகமே இரண்டாகப் பிளந்தாலோ மறைந்தாலோ அது தடுமாறுவது இயல்பே என்று நினைக்கிறேன்.

எனவே, முகங்களை நேரடியாகத் தேர்ந்தெடுப்பதை விட்டுவிட்டு, ஒவ்வொரு பாகத்தினுள்ளும் அதற்கென ஓர் ஆய அச்சுத் தொகுதியை (LCS; இடத்தையும் திசையையும் குறிக்கும் மூன்று அச்சுகள்) வைத்து, இணைப்புகளை அவற்றோடு பிணைப்பது சரியாக இருக்குமா? அப்படிச் செய்தால், அதைப் பாகத்தின் மூலத் தளங்களில் (ஆதிப்புள்ளி வழியே செல்லும் XY, XZ, YZ தளங்கள்) பொருத்துவது நல்லதா, அல்லது தாடையின் அளவு மாறும்போது கூடவே நகரும்படி முதல் ஸ்கெட்சின் ஒரு புள்ளியில் பொருத்துவது நல்லதா? இதைச் செய்து பார்த்தவர்கள் தங்கள் அனுபவத்தை எழுதினால் பேருதவியாக இருக்கும்.