புதுப்பிப்பு: போர்வெல் தண்ணீரில் குளோரைடு, கரைசல் கணக்கு

வேதாரண்யம் பக்கத்து போர்வெல் தண்ணீரில் உப்பு (அதிலுள்ள குளோரைடு) எவ்வளவு என்று பார்க்க, 0.0141 மோலார் (லிட்டர் கரைசலுக்கு 0.0141 மோல்) சில்வர் நைட்ரேட் கரைசல் தயாரிப்பது பற்றி முன்பு கேட்டிருந்தேன். ஒரு லிட்டர் தண்ணீரில் அதைப் போடுவதா, கரைத்த பிறகு மொத்தத்தை ஒரு லிட்டர் ஆக்குவதா? பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

இரண்டாவதுதான் சரி. மோலாரிட்டி கரைசலின் கனஅளவை வைத்துச் சொல்வது. 2.395 கிராம் சில்வர் நைட்ரேட்டைக் கொஞ்சம் காய்ச்சி வடித்த நீரில் முழுசாகக் கரைத்து, அப்புறம் ஸ்டாண்டர்டு ஃபிளாஸ்க்கின் கழுத்துக் கோடு வரை நிரப்பினோம். கோடு கண்மட்டத்தில் இருக்க, நீரின் கீழ்வளைவு அதைத் தொட வேண்டும். பீக்கரில் போட்டிருக்கும் கோடுகளை இதற்கு நம்பவே கூடாது.

இந்தச் செறிவின் அழகு கணக்கில் தெரிகிறது. 50 மில்லி போர்வெல் தண்ணீர் எடுத்து, பியூரெட்டிலிருந்து (அளவுக்கோடு போட்ட சொட்டுக் குழாய்) இந்தக் கரைசலை அதில் விட்டால், இறங்கும் ஒவ்வொரு மில்லியும் லிட்டருக்கு 10 மில்லிகிராம் குளோரைடு. குளோரைடு தீர்ந்ததை நிறம் மாறிக் காட்டச் சேர்த்த பொட்டாசியம் குரோமேட்டின் மஞ்சள் செங்கல் நிறமாக மாறி நின்றபோது 42.2 மில்லி; வடித்த நீரில் நிறம் மாறவே ஆன 0.2-ஐக் கழித்தால் 42. அதாவது லிட்டருக்கு 420 மில்லிகிராம். குடிநீரில் ஏற்கத்தக்க அளவு 250தான். வேறு நீரே கிடைக்காத இடத்தில் 1000 வரை அனுமதி. ஆற்றில் தண்ணீர் வராத கோடை மாதங்களில் மறுபடி அளக்கப் போகிறோம்.